இருபதாம் எண்

ஜூன் 4, புதன்

மலை கிளினிக்கிலிருந்து இன்றும் ஈசிஜி வந்து சேரவில்லை. தொடர்ந்து மூன்றாவது புதன்கிழமை. தருமபுரி ஆஸ்பத்திரியில், கணினி இணைப்புகளைக் கவனிக்கும் என் மேசையிலிருந்தே பிங் அடித்தேன். "இருக்கிறாயா?" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று பதில் வர வேண்டும், அவ்வளவுதான் அந்தச் சோதனை. உடனே வந்தது. மிஷினில் கோளாறு இல்லை. அங்கிருக்கும் நர்ஸ் சுமலதா அக்காதான் எதையோ மாற்றி அழுத்துகிறார். மேலாளர் மாதவராஜ் சாருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன்: இயக்குபவர் தவறு.

ஜூன் 5

சுமலதா அக்கா போன் செய்தார், ஒரே காற்று இரைச்சலுக்கு நடுவே. "நான் சரியாத்தாங்க அனுப்புனேன். செல்லின்னு ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஈசிஜி போகலைன்னு ஜீப்புல ஏத்தி கீழ அனுப்பிட்டேன்." நல்லவேளை, செல்லி பிழைத்துக்கொண்டார்.

"பிங் பொய் சொல்லாதுக்கா" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான்.

ஜூன் 9

அக்காவுக்கு வேலைநீக்க நோட்டீஸ். கிளினிக் வைஃபை பாஸ்வேர்டை ஊருக்கே கொடுத்தார் என்பது இரண்டாவது குற்றம். முதல் குற்றத்துக்கு ஆதாரம் என் அறிக்கை. மனசு சரியில்லை. ஆனால் தப்பு தப்புதானே? — தப்புதானா? புதனன்று நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

ஜூன் 11, புதன்

போன மாதக் கடைசியிலிருந்து புதன்தான் மலையில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளாம். எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். மேலே டவர் கிடையாது. அதனால் கிளினிக் சுவரோரம் வரிசையாக நின்று, பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார்கள்.

"வாரத்துல ஒரு நாளு புள்ளைங்க மொகத்தப் பாக்கறாங்க. எப்படிங்க இல்லைன்னு சொல்றது?" என்றார் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் டோக்கன் மாதிரி ஒரு எண் கொடுக்கும். டிஎச்சிபி என்பது அந்த ஏற்பாடுதான். ஈசிஜி மிஷினுக்கு மட்டும் 20 என்று இரண்டு வருடம் முன்பு நானே நிரந்தரமாக எண் போட்டேன். அதை யாருக்கும் கொடுக்காதே என்று ரவுட்டரிடம் சொன்னேனா? இல்லை. பேட்டரி தீரக்கூடாதென்று அக்கா மிஷினை அணைத்து வைக்கிறார். 20 சும்மாயிருக்கிறது என்று ரவுட்டர் அதை ஏதோ ஒரு போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஒரே எண் இருவரிடம் இருந்தால் மிஷின் அனுப்புவது போய்ச் சேராது. கூட்டமில்லாத நாளில் அத்தனை எண் தேவைப்படாது.

மிஷின் வயரைப் பிடுங்கிவிட்டு 20க்குப் பிங் அடித்தேன். பதில் வந்தது.

அடிப் பாவி பாரதி! அன்னைக்கு "இருக்கேன்"னு சொன்னது மிஷினே இல்லடி. எவரு போனோ. யாருன்னு கேக்காமயே ஒருத்தங்க பொழப்புல கைய வெச்சிட்டியே!

ஜூன் 12

மாதவராஜ் சாரிடம் சொன்னேன். "டெக்னிகல் ஃபால்ட்னு போடும்மா. அடுத்த மாசம் உனக்கு பெர்மனன்ட் ஆர்டர் வருது. பேரு எதுக்கு?" என்றார்.

"அப்படிப் போட்டா அக்கா நோட்டீஸ் போயிடுமா சார்?"

"அது தனி. பாஸ்வேர்ட் விஷயம் இருக்கே."

வீட்டுக்கு வந்து எழுதினேன். கிழித்தேன். பயமாக இருக்கிறது.

ஜூன் 13

என் பெயரைப் போட்டே அனுப்பிவிட்டேன். மாத்திரை நாளைப் பற்றியும் எழுதினேன்.

ஜூலை 2, புதன்

நோட்டீஸ் ரத்து. என் பெர்மனன்ட் ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது. வலிக்கவில்லை என்று இங்கேயும் பொய் எழுத வேண்டாம்.

மலைக்குப் போய் 20ஐ மிஷினுக்கு ஒதுக்கினேன். ஊர்க்காரர்களுக்குத் தனி வைஃபை போட்டேன். அக்கா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் கிளம்பும்போது தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார்.

"இதுலயும் போட்டுக் குடுக்கறீங்களா? பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். அதில் சேமித்த பட்டியலில் பழைய வைஃபையின் பெயரே இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இணைத்ததில்லை.

"ஊருக்கெல்லாம் குடுத்தீங்க. நீங்க ஏன்க்கா போட்டுக்கல?"

"அவங்க கேட்டா இல்லைன்னு வாய் வரலைங்க. எனக்குன்னா... அது மிஷினுக்குக் குடுத்ததாச்சுங்களே."

பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். அங்கேயே நின்று மகளை அழைத்தார்.

"என்னம்மா, கிளினிக்லயா இருக்க? இன்னைக்கு டவருக்காகப் பாறை மேல ஏறலையா?" என்றது அந்தப் பெண்.