சம்பந்தி வீட்டு இன்குபேட்டர்

அன்பு மகன் இஹாபுக்கு,

இறைவன் கிருபையால் இங்கே எகிப்தில், நம் ஜிஃப்தாவில் நானும் உன் அப்பாவும் உன் தங்கை ரபாபும் உடம்பு நன்றாகவும், நாக்கு அதைவிட நன்றாகவும் இருக்கிறோம். அங்கே கனடாவில் நீயும் மருமகள் நெர்மீனும் அந்தக் குளிரில் மூக்கு விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் நீ அப்பாவிடம் போனில், வீட்டிலேயே குஞ்சு பொரிக்கப் போகிறேன், முதல்முறை செய்பவன் எந்த இன்குபேட்டர் வாங்குவது என்று கேட்டாயாம். அவர் ஒரு மணி நேரம் விளக்கினார், நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்னதில் இன்குபேட்டர் என்ற சொல் ஒன்றுதான் சரி. இங்கே நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் போனில் சொன்னால் பக்கத்தில் நின்று திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன். நெர்மீனின் தம்பி அங்கே வருகிறான், காய்ந்த முலுகியாக் கீரை ஒரு பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். விமான நிலையத்தில் கேட்டால் டீத்தூள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன், அவன் முழித்தால் என் தப்பில்லை.

ரபாபுக்கும் பாசிமுக்கும் நிச்சயம் ஆனதும், கல்யாண ராத்திரிக்குப் பெண் வீட்டுச் சாப்பாடு நாம்தானே அனுப்ப வேண்டும், அதற்கு வேண்டிய வாத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். உன் அப்பா பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். "இந்த ஷௌகி பொண்ணு கல்யாணத்துக்கு ஷௌகி வீட்டு மாடியில பொரிச்ச வாத்துதான் போகும்" என்று எழுந்து சட்டை மாற்றிவிட்டார். சரி, இரண்டு அடை வாத்து வாங்கி முட்டையில் உட்கார வைப்போம் என்றேன், வாத்துக்கு என்ன தெரியும் என்றார். பாசிமின் தாய்மாமன் ஷஹாத்தா கோழிச் சாமான் கடை வைத்திருக்கிறாரே, அங்கே போனோம். கடை மூலையில் தெர்மகோல் பெட்டி ஒன்று, சின்னது, உள்ளே விசிறி, மேலே பார்க்கக் கண்ணாடி மூடி, முட்டையைத் தானாகவே புரட்டிவிடும் தட்டு, கரண்ட் போனால் பாட்டரியில் மாட்ட ஒரு வயர். எனக்கு அதுதான் பிடித்தது. ஷஹாத்தா சிரித்தார். "அது சின்னப் புள்ளைங்க வெளையாட வாங்குறதும்மா. நம்ம வாத்தியார் மாதிரி ஆளுக்கு இதுல்ல வேணும்" என்று ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஒரு மர அலமாரியைக் காட்டினார். நூற்றுக்கணக்கான முட்டை பிடிக்குமாம், சிவப்பு எழுத்தில் சூடு காட்டுமாம், மணிகூட அடிக்குமாம். வாத்தியார் என்ற ஒரு சொல்லிலேயே உன் அப்பாவின் கழுத்து நீண்டுவிட்டது. வாத்து வாங்கக் கூடாதென்றவர் அன்று தானே வாத்து ஆனார்.

அந்த அலமாரி மாடிப்படியில் திரும்பாமல், கயிறு கட்டி வெளியிலிருந்து தூக்கினார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது. முட்டை வைக்குமுன் ஒருநாள் காலியாக ஓட்டி, நம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றேன். "சம்பந்தி வீட்டுச் சாமானுக்கே காய்ச்சல் பாக்குறியா? அவங்க காதுல விழுந்தா என்ன ஆவும்?" என்றார். கண்டவர்களிடமெல்லாம் வாத்து முட்டை வாங்கி, அதில் பாதியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தட்டு தட்டாக அடுக்கினார். அப்புறம் தினமும் பக்கத்து வீட்டுக்காரர்களை மாடிக்கு அழைத்துப் பாடம் நடத்தினார். அப்படி ஒரு பாடத்தின் நடுவில்தான் ஒரு முட்டை அவர் கையிலேயே வெடித்தது. அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் பூனை அன்றைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. நாலு வாரம் கழிந்தது, ஐந்தாவதும் கழிந்தது, ஒன்றும் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தோம். நிறைய கூமுட்டை. ஆனால் சிலவற்றில் குஞ்சு வளர்ந்து, இறகு முளைத்து, அப்படியே காய்ந்து கிடந்தது. நான் வாயாடிதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் யாரையும் கேட்காமல் தெர்மாமீட்டரை வைத்தேன். மேல் தட்டில் பாதரசம் கடைசிக் கோடு வரை ஓடி நின்றது, கீழ்த் தட்டில் எழுந்திருக்கவே இல்லை. வெளியே சிவப்பு எழுத்து மட்டும் முப்பத்தேழரை, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

உன் அப்பா ஷஹாத்தாவிடம் போய் மெதுவாகத்தான் சொன்னார். அவர், கரண்ட் தப்பு, முட்டை தப்பு, வாத்தியாருக்கு வயசாகிவிட்டது என்று மூன்று காரணம் சொல்லி ஒரு டீ கொடுத்து அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்போம். பாசிமின் அம்மா ஃபிக்ரியா அடுமனை வரிசையில் நின்றுகொண்டு, "எங்கண்ணன் மிஷினுல கல்ல வச்சாலும் பொரிக்கும். அந்த வீட்டுக் கைராசி அப்படி. பொண்ணு மட்டும் எப்படி இருக்கப் போகுதோ" என்று சொன்னாள். ரொட்டி வீட்டுக்கு வருமுன் பேச்சு வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமை பாசிம் வழக்கம்போல பஸ்பூசா இனிப்புப் பெட்டியோடு வந்தான். அவனைப் பற்றி உனக்குத் தெரியாதே, வரி அலுவலகத்தில் குமாஸ்தா, சூப்பில் ஊறிய ரொட்டி மாதிரி ஒரு பையன், பேசினால் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே தங்கிவிடும். ரபாப் நேராகக் கேட்டாள், "உங்கம்மா சொன்னது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?" அவன் தரையைப் பார்த்து, "பெரியவங்க விஷயம்... பொறவு பேசிக்கலாமே" என்றான். அவள் நிச்சய மோதிரத்தைக் கழற்றிப் பஸ்பூசாப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "இத உங்க மாமா மிஷினுல வையி. பொரிக்குதான்னு பாப்போம்" என்றாள். எனக்கு ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் சிரிப்பு வந்து தொலைத்தது. முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. உன் அப்பா காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தன் வீம்பால் மகள் வாழ்க்கை போயிற்று என்று சொல்லமாட்டார், ஆனால் உப்பில்லாத பீன்ஸைக் கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதிலேயே எனக்குப் புரிந்தது. ரபாப் மாடியில் துணியை அடித்துத் துவைத்த துவைப்பில் என் இரண்டு தலையணை உறை கிழிந்தது. அழவே இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் பாசிம் தானே மூன்று சக்கர வண்டியோடு வந்தான். ஒன்றும் சொல்லாமல் அந்த அலமாரியைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தோம். அவன் அதைத் தன் அம்மாவின் கூடத்தில், அந்தத் தங்க வேலைப்பாடு போட்ட சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவள் வளர்க்கும் கோழியின் முட்டையையே அடுக்கி வைத்துவிட்டான். "கல்லு வைக்கலம்மா, முட்டதான் வச்சிருக்கேன். நம்ம கைராசியப் பாப்போம்" என்றானாம். மூன்று வாரமும் அது அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. வெளியே வந்தது ஒரே ஒரு முட்டை, எடுத்துப் பார்க்கும்போது அதுவும் சோபாமேல் வெடித்தது. ஃபிக்ரியா அந்த உறையை இன்னும் வெயிலில் போட்டு வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே நின்று நலம் விசாரிக்கிறேன். பாசிம் அந்த முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு, சந்தை நாள் பார்த்துக் கடைக்குப் போய், ஆட்கள் நிறைந்து நிற்கும்போது, "மாமா, எங்க வீட்டுக் கையும் ராசியில்லாத கைதான் போல. இது சூடு தப்பாக் காட்டுது. திருப்பி எடுத்துக்குங்க, வேற யாருக்கும் விக்காதீங்க" என்று சொன்னானாம். பாதி வார்த்தை விழுங்குகிற பையன், அன்றைக்கு எதையும் விழுங்கவில்லை. ஷஹாத்தா கத்தி, தங்கை மகன் என்றும் பாராமல் கன்னத்தில் அறைந்து, கடைசியில் அலமாரியை எடுத்துக்கொண்டார். வாங்க வந்தவர்கள் நின்று பார்க்கும்போது வேறென்ன செய்வார்.

சாயங்காலம் கதவு தட்டுகிறது. உன் அப்பா திறந்தார். ரபாப் உள்ளேயிருந்து யாரு என்று கேட்டாள். "ஒரு இன்குபேட்டர் வந்திருக்கு, அதுக்குப் பின்னால ஒரு ஆளும் நிக்கிறான்" என்றார். அந்தச் சின்னத் தெர்மகோல் பெட்டி, அதன்மேல் சிவந்த ஒரு கன்னம். ரபாப் வந்து, பெட்டியை வாங்கி, அவனை உட்காரு என்றுகூடச் சொல்லாமல், நம் தெர்மாமீட்டரோடு பக்கத்து வீட்டுத் தெர்மாமீட்டரையும் வாங்கி வந்து உள்ளே வைத்தாள். "ஒருநாள் முழுக்கக் காலியா ஓட்டிப் பாத்தாத்தான் நம்பலாமா இல்லையான்னு தெரியும்" என்றாள். அவன் தலையாட்டினான். "மிஷினத்தான் சொன்னேன்" என்றாள். அப்போதுதான் அவனுக்கு டீ கிடைத்தது.

ஆகவே மகனே, நீ வாங்குவது சின்னதாக இருக்கட்டும், முதல்முறையே ஊருக்குக் குஞ்சு விற்கப் போவதில்லை. விசிறி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை வேகும், ஒரு மூலை விறைக்கும். தானாகப் புரட்டாத பெட்டி வாங்கினால் ராத்திரி பகலாக நீதான் எழுந்து புரட்டவேண்டும், உன் சோம்பல் எனக்குத் தெரியும். எழுத்து காட்டும் சூட்டை நம்பாதே, தனியாக ஒன்று வைத்துப் பார். முட்டையைக் கழுவாதே. ஜன்னலோரம் வைக்காதே. நடுவில் டார்ச் வைத்துப் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடு, வெடிக்குமுன். தண்ணீர்த் தொட்டி காய விடாதே. கடைசி மூன்று நாள் மூடியைத் திறக்கவே கூடாது, குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து எத்தனை கத்தினாலும் சரி. நம் வீட்டில் அந்தச் சின்னப் பெட்டியில் மறுபடி வாத்து முட்டை வைத்தோம், அதன் கடைசி நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. உன் அப்பா கீழே இறங்கி, யாரையும் தொட விடாத தன் பழைய காரிலிருந்து பாட்டரியைக் கழற்றி, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். முதல் ஓடு விரிசல் விட்டபோது அவர், ரபாப், பாசிம் மூன்று பேர் தலையும் கண்ணாடிமேல் முட்டிக்கொண்டிருந்தது, எனக்குக் குஞ்சு தெரியவில்லை. மூடிமேல் இருந்த ரபாபின் கை தெரிந்தது, விரலில் மோதிரம் இருந்தது. எப்போது போட்டுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ஃபிக்ரியா வந்து எட்டிப் பார்த்து, "எங்கண்ணன் கடைப் பெட்டிதானே, அதான்" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் உன் அப்பா என் காலை மிதித்துவிட்டார், இன்னும் வலிக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறு வாரம் கல்யாணம். நெர்மீனிடம் என் முத்தத்தைச் சொல், அவள் இளைத்துவிட்டாளென்று தம்பி சொன்னான், முலுகியாவைப் பூண்டு நிறையப் போட்டுச் சமைத்துக் கொடு. இறைவன் உங்கள் இருவர் கையிலும் அருள் வைக்கட்டும், உங்கள் வீட்டில் சூடும் வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. முட்டையை வைத்துவிட்டால் நாலு வாரம் வீட்டை விட்டு நகர முடியாது. போன முறை வேலை என்றாய், அதற்கு முந்தின முறை பனி என்றாய், இந்த முறை முட்டை என்று சொல்லலாமென்று நினைத்திருந்தால் எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது. முதலில் விமானச் சீட்டை வாங்கு. தங்கை கல்யாணத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போ, இன்குபேட்டரை அப்புறம் வாங்கிக்கொள்.

உன் வரவை எண்ணிக்கொண்டு மாடியில் நிற்கும் அம்மா,
இன்ஷிராஹ்