எல்லாத் திரையும் மஞ்சள்

பிப்ரவரி 3

ஒருவழியாகச் சின்ன முதலாளி வாங்கிக் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு அங்குல மானிட்டர் இன்று வந்து இறங்கியது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மேலேயும் பக்கங்களிலும் வெளிச்சம் படாமல் கறுப்புத் தட்டிகள். குதிரைக்குக் கட்டுகிற கண்பட்டை போல இருக்கிறது. அச்சகமே வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. "இதுல படம் பாத்தா அள்ளும்" என்றார் மெஷின்காரர். நான் படம்தான் பார்க்கப் போகிறேன், நாளொன்றுக்கு நானூறு. எல்லாம் அடுத்தவர் வீட்டு ஆல்பம்.

இங்கே எந்தப் பக்கமும் என் மேசையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். நிறம் சரி என்று நான் முத்திரை குத்த வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த ரப்பர் முத்திரை என் இழுப்பறையில்தான் குடியிருக்கிறது. பெரிய முதலாளி காலத்தில் கொடுத்தது.

மானிட்டரோடு உள்ளங்கை அளவில் ஒரு கருவியும் வந்தது. திரைமேல் தொங்கவிட்டால் நிறத்தை அளந்து சொல்லுமாம். "மாசம் ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க மேடம்" என்றார் கொண்டுவந்த இன்ஜினியர். சரி என்று வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். எது வெள்ளை என்று எனக்கு ஒரு டப்பா வந்து சொல்ல வேண்டுமா?

பிப்ரவரி 4

புது மானிட்டர் மஞ்சளடிக்கிறது.

பிப்ரவரி 6

குற்றம் சொல்லிப் பழகிய வாய், நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கூர்மை அபாரம். ஒரு குழந்தையின் இமை முடியை எண்ண முடிகிறது. பழைய மானிட்டரில் கறுப்பு என்று காட்டியதெல்லாம் சாம்பல் என்று இப்போதுதான் தெரிகிறது. நடுவில் இருக்கிற வெளிச்சம் அப்படியே ஓரத்திலும் இருக்கிறது. பழையதில் மூலைகள் அழுது வடியும்.

ஆனால் வெள்ளை? வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். தேநீர் கொட்டி, அலசி, காயப்போட்ட துணி. பழைய மானிட்டரும் மஞ்சள்தான், ஆனால் அதற்குப் பத்து வயது, மன்னித்துவிடலாம். இதற்கு என்ன கேடு? மெனுவுக்குள் போய் நீலத்தை ஏற்றினேன். ஆறு படி ஏற்றிய பிறகுதான் வெள்ளை வெள்ளையானது. விலை உயர்ந்த சாமான் என்றால் வளர்த்து ஆளாக்குவதும் நம் பொறுப்பு போலிருக்கிறது.

பிப்ரவரி 10

திரையைச் சரி செய்தால் தாள் சதி செய்கிறது. திரையில் வெள்ளையாக இருக்கும் சட்டை, அச்சடித்த தாளில் மஞ்சள். மட்டமான தாள் வாங்கியிருக்கிறார்கள். என்ன செய்ய, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீலம் கூட்டி அனுப்புகிறேன், தாளும் திரையும் ஒத்துப்போகும் வரை. "கொஞ்சம் நீலமா வருதேக்கா" என்றார் மெஷின்காரர். "நீங்க மெஷினைப் பாருங்க, கலரை நான் பாத்துக்கறேன்" என்றேன். பாவம், அப்புறம் வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 15

சோப்புத்தூளும் மட்டம். வீட்டுக்காரருடைய சட்டைகள் எல்லாம் பழுப்பேறிப் போயின. கம்பெனி கார் ஓட்டுகிறவர், சீருடையே வெள்ளைச் சட்டை. பார்க்கிறவர்கள் பெண்டாட்டியைத்தானே சொல்வார்கள்? இன்று துவைக்கும்போது சொட்டு நீலத்தை வழக்கத்தைவிட மூன்று மூடி கூடுதலாக ஊற்றினேன். காய்ந்ததும் எடுத்துக் காட்டினேன்.

"இப்ப வெள்ளையா இருக்கா?"

கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னா சரிதான்."

பிப்ரவரி 22

மகள் வீடியோவில் பேசினாள். வேறு ஊரில் தனியாக இருக்கிற பெண், முகம் பூரா மஞ்சள். கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். "நாளைக்கே ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணு, இது காமாலைதான்" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள். நிறம் பார்த்துச் சோறு தின்கிறவளிடமா சொல்கிறாள்?

பிப்ரவரி 25

ரத்தத்தில் ஒன்றுமில்லையாம். "ஊசி குத்துன இடம் வீங்கியிருக்கு, போதுமா?" என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வீக்கமும் மஞ்சள். அவள் போன் மாற்ற வேண்டும்.

மார்ச் 9

ஒரு சந்தோஷம். படிக்கிற கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்! மருந்துச் சீட்டின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. ஐம்பத்திரண்டு வயதில் யாருக்குக் கண் திரும்ப வந்திருக்கிறது? கண்ணாடியைப் பெட்டியில் போட்டு அலமாரிக்குள் தள்ளியாயிற்று. அவரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "ரொம்ப நல்லது" என்று மட்டும் சொன்னார். வாய் விட்டுப் பாராட்டினால் குறைந்தா போய்விடும்?

மார்ச் 18

இன்று அவர் பஸ்ஸில் வந்தார். கண் சிவந்து, கண்பாப்பா பெரிதாக விரிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார். "தூசி விழுந்துருச்சு. வண்டியை ஆபீஸ்லயே விட்டுட்டேன்" என்றார். காரோட்டுகிறவர் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று ஒரு பாட்டம் திட்டினேன். இந்த வீட்டில் உருப்படியான கண் என்னுடையது மட்டும்தான்.

ஏப்ரல் 2

பள்ளிக்கூடத்து ஆண்டுமலர் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஒரு படம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் சரி செய்தேன். பால் மாதிரி வந்திருக்கிறது. முத்திரை குத்தும்போது கை தானாக ஒரு முறை கூடுதலாக அழுத்தியது.

ஏப்ரல் 20

எழுதவே கை வரவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை நேரில் வந்தார். மலரைச் சின்ன முதலாளி மேசைமேல் விரித்து வைத்தார். "பசங்க எல்லாரும் குளிர்ல வெறச்சுப் போய் நிக்கற மாதிரி இருக்காங்க. ஒரு அம்மா போன் பண்ணி அழறாங்க சார், பையன் உதடெல்லாம் நீலமா இருக்குன்னு."

எட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது! சாமி சத்தியமாகச் சரியாகத்தான் தெரிகிறது. அதைச் சொன்னேன். மெஷின்காரர் கூரையைப் பார்த்தார்.

அத்தனையும் திரும்ப அச்சடிக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு சின்ன முதலாளி என் மேசைக்கு வந்தார். "முத்திரை கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்கா." நான் சேர்ந்தபோது இந்த ஆள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இங்கே ஓடி விளையாடியவர். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். கொடுத்துவிட்டேன். இழுப்பறை காலி. இல்லை, அந்த டப்பா ஒன்று கிடக்கிறது.

ஏப்ரல் 24

விடப் போவதில்லை. தப்பு மானிட்டர்மேல் என்று எழுத்தில் நிரூபித்து முத்திரையைத் திரும்ப வாங்குவேன். ஒரே வெற்றுப் பக்கத்தையும் ஒரே குழந்தை முகத்தையும் ஆறு திரையில் போட்டுப் பார்த்து எழுதினேன்:

புது மானிட்டர், வந்தபடியே வைத்தால்: மஞ்சள்.
பழைய மானிட்டர்: மஞ்சள், கூடவே மங்கல்.
சின்ன முதலாளியின் லேப்டாப்: மஞ்சள். விரல் ரேகை வேறு.
வரவேற்பறை டிவி: மஞ்சள். முகமெல்லாம் பூசணிக்காய்.
என் போன்: மஞ்சள்.
அவர் போன்: மஞ்சள்.

முடிவுரை: இந்த நாளில் ஒரு கம்பெனியும் ஒழுங்காகத் திரை செய்வதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மானிட்டர் கம்பெனி இன்ஜினியரை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன்.

மே 2

வந்தார். என் இழுப்பறையிலிருந்தே அந்த டப்பாவை எடுக்கச் சொன்னார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார், தானே பிரித்தார். திரைமேல் தொங்கவிட்டார். வண்ணம் வண்ணமாக ஓடியது. அரைமணி நேரம் எல்லோரும் கைகட்டி நின்றோம்.

"மானிட்டர் சுத்தமா இருக்கு மேடம். நீங்க வெச்சிருக்கற செட்டிங்தான் ரொம்ப நீலம்."

என் அறிக்கையை எடுத்து நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார். நல்ல மனுஷன், பூசணிக்காய்க்குக்கூடச் சிரிக்கவில்லை. "ஆறு திரை, அஞ்சு கம்பெனி" என்றார். "அஞ்சு பேரும் பேசி வெச்சுக்கிட்டு மஞ்சளா செய்ய மாட்டாங்க. இந்த ஆறையும் யாரு மேடம் பாத்தது?"

"நான்தான். வேற யாரு பாப்பாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. சின்ன முதலாளி ஏதோ பழமொழியை ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். எந்தப் பழமொழி என்று எனக்குத் தெரியாதா?

"நாளைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 3

பயமா இருக்கு. கண்ணு போச்சுன்னா நான் யாரு?

மே 6

அவரும் கூட வந்தார். டாக்டர் அம்மா விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை" என்றார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்துப் போய்விட்டதாம். அதனால்தான் உலகமே மஞ்சள்.

என் பங்குக்குச் சமர்த்தாகச் சொன்னேன்: "ஆனா டாக்டர், எனக்குக் கண்ணாடியே வேண்டாம். பொடி எழுத்தெல்லாம் தானா தெரியுது."

"அதுவும் புரையாலதாம்மா. லென்ஸ் கெட்டியானா கொஞ்ச நாள் அப்படித் தெரியும்."

என் ஒரே சந்தோஷமும் நோய்தான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாம். முதலில் வலது கண். அவர் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். சாலையில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

மே 27

வலது கண் முடிந்தது. வலியில்லை. மூடி போட்டிருக்கிறார்கள். இந்த வரியைக் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

மே 28

மூடியைக் கழற்றினார்கள். என் வேலையே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான், சும்மா இருக்க முடியுமா? ஆஸ்பத்திரிச் சுவரை ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன்.

வலது, புதியது: வெள்ளை. ஐயோ, அப்படி ஒரு வெள்ளை. நர்ஸ் கையிலிருந்த பேனாவின் ஊதா எனக்குக் கண்ணீரை வரவழைத்தது. ஊதா என்று ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கிறது.

இடது, பழையது: தேநீர்.

இத்தனை நாளும் நான் தேநீருக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே இருக்கிறவர்களைக் கழுவப் பார்த்திருக்கிறேன். மகளைக் கூப்பிட்டேன். ரோஜாப்பூ மாதிரி இருக்கிறாள். "இப்ப எனக்குக் காமாலை இல்லையா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள், நானும்தான்.

மே 30

வீட்டுக்கு வந்தாயிற்று. அவர் சட்டை அலமாரியைத் திறந்தேன். ஆறு சட்டை. ஆறும் பளீரென்று வான நீலம்.

"இதைப் போட்டுக்கிட்டா மூணு மாசமா வேலைக்குப் போனீங்க?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. யூனிபார்ம் மாத்திட்டாங்கன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"இன்னொரு டிரைவர் நம்பி அவரும் நீலம் வாங்கிட்டாரு."

ஜூன் 12

வேலைக்குப் போனேன், படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு. முதல் காரியமாக டப்பாவைத் திரையில் தொங்கவிட்டேன். அது சொன்னபடி விட்டுவிட்டேன். மானிட்டர் அழகி. நாலு மாதம் அநியாயமாக அவளைத் திட்டியிருக்கிறேன்.

மெஷின்காரரிடம் போனேன். "நீலமா வருதுன்னு அப்பவே சொன்னீங்க." "விடுங்கக்கா" என்றார். விட முடியாது என்றேன். இனி ஒவ்வொரு வேலைக்கும் முதல் தாளை அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நானே சின்ன முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூட மலரை அப்படித்தான் புதிதாக அனுப்பினோம். பிறகு சின்ன முதலாளி முத்திரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இழுப்பறையைத் திறந்து அதன் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 14

என் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வீட்டு மருத்துவக் கோப்பில் சேர்க்கப் போனேன். உள்ளே அவர் பெயரில் ஒரு சீட்டு. வேறொரு கண் மருத்துவமனை. தேதி மார்ச் 18.

"வெள்ளைத் துணி நீலமாகத் தெரிவதாகச் சொல்கிறார். கண்பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்தாயிற்று. நிறப் பார்வை இயல்பு."

தூசியாம்.

சீட்டை நீட்டினேன். திருட்டு முழி முழித்தார்.

"கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா வண்டியை வாங்கிடுவாங்கன்னு பயம். அதான் சொல்லல."

"டாக்டர்தான் சரியா இருக்குன்னு எழுதிட்டாரே. அதுக்கப்புறமாவது சட்டை நீலம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரு சரின்னாரு. நீ வெள்ளைன்ன." தலையைச் சொறிந்தார். "அந்த டாக்டருக்கு என்ன, மிஞ்சிப்போனா பத்து வருஷ அனுபவம் இருக்கும்."

அடுப்படிக்குள் போய்விட்டேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அழக்கூடாது என்று தனியாகச் சொல்லவில்லை.

ஜூன் 15

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது வரை பொறுக்க முடியாது. நாளைக்கு அவருக்கு ஆறு வெள்ளைச் சட்டை வாங்க வேண்டும். கூட்டிக்கொண்டுதான் போவேன். வெள்ளை எது என்று அவரே சொல்லட்டும்.