டீனி படகில் ஏறுவாளா?

மியூனிக்
பிப்ரவரி 6, 1994

அன்புள்ள கெசீனெ அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் "ம்", "சரி" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் புத்தகம் படமாகப் போகிறது. இந்த முறை நிஜமாகவே. ஐந்து வருடமாக நான் எழுதிக் கிழித்து எழுதிய திரைக்கதையைத் தயாரிப்பாளர் டிராக்ஸ்லர் ஒரு வழியாக ஏற்றுக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குத் திரையரங்குகளில் வந்துவிடும். குடும்பத்தோடு பார்க்கும் படம் என்பதால் உன்னைப் பார்த்து அப்பா எழுதிய டீனிக்கு ஒரு நாய் வேண்டுமாம். புத்தகத்தில் நாயே கிடையாதே என்றேன். "நாய் இல்லாம எந்தக் குழந்தைங்க தியேட்டருக்கு வரும்?" என்று கேட்டார். நாயை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

ஆனால் முடிவில் யாரையும் கை வைக்க விடவில்லை. மதகுக்குள் தண்ணீர் ஏறி, படகுக்காரர் "ஏறு டீனி, கடலைக் காட்டுறேன்" என்று கூப்பிடுவதும், மஞ்சள் பூட்ஸ் போட்ட டீனி மதகுக் கதவைத் திறக்கும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு "நான் வந்துட்டா உங்களுக்கெல்லாம் கதவை யாரு திறக்கிறது?" என்று சிரிப்பதும் அப்படியே இருக்கின்றன. கோப்பையிலும் துண்டிலும் அச்சடித்து விற்கிற வரியை மாற்ற முடியுமா என்ன?

அப்பாவுக்குப் பிறகு புத்தகத்தின் உரிமை நம் இருவருக்கும் பொதுவானது. நீயும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும். நம் வீட்டையும் மதகையும் பார்க்க டிராக்ஸ்லர் அடுத்த வாரம் வருகிறார். படப்பிடிப்பை அங்கேயே வைக்க அவருக்கு ஆசை. நல்ல தேநீர் கொடு. கொஞ்சம் சிரித்த முகமாகவும் இரு.

உன் தங்கை,
வீப்கெ


மதகு வீடு, நோர்டர்ஃபென்
பிப்ரவரி 20

அன்பு வீப்கெ,

உன் தயாரிப்பாளர் வந்தார், போனார். உயிரோடுதான் போனார்.

தெற்கத்திக்காரருக்கு நம் ஊர் வழக்கத்தை நீயாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கோப்பை காலியானால் ஊற்றுவது என் கடமை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டியது அவர் கடமை. அவர் கரண்டியை ஒழுங்காகத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தார். நானும் மரியாதைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன். கற்கண்டு தீர்ந்தது, பாலாடையும் தீர்ந்தது. கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதை நிறுத்துறதுக்கு நான் என்னங்க செய்யணும்?" என்று பரிதாபமாகக் கேட்டார். கூடவே உட்கார்ந்திருந்த டீனி புத்தகச் சங்கத் தலைவி திருமதி டிர்க்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கரண்டி போடாத ஆளுக்கு எங்க ஊர்ல விடுதலையே கிடையாதுங்க" என்றாள்.

மனிதர் நல்லவர்தான். வீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். என்னையும் ஒரு அரும்பொருள்போலத்தான் பார்த்தார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. அப்பாவின் அறைக் கூரை ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிறையக் குழந்தைகள் வருகிறார்கள். நான் மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு கதை வாசித்து, சக்கரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். பழைய பூட்ஸ் கிழிந்தால் அப்பா எம்டன் நகரத்துக்குப் போய் அதே மஞ்சளில் வாங்கி வருவாரே, இப்போது சங்கம் வாங்கித் தருகிறது. போன வாரம் ஒரு சின்னப் பெண், "நீங்கதான் டீனியா? ஏன் இவ்வளவு கிழவியா இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் அம்மா நறுக்கென்று கிள்ளிவிட்டாள். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வீப்கெ, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இருபது வயதில் எனக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது உனக்கு மங்கலாக நினைவிருக்கும். பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அன்று பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பா என் தோளில் கை போட்டு, "இவ போயிட்டா கதவை யாரு திறக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன். புத்தகத்தில் டீனிக்குத் தங்கை கிடையாது. அதனால்தான் ஊரை விட்டுப் போக உனக்கு ரயில் கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் குறையாகவும்தான் சொல்கிறேன்.

இப்போது எம்டனிலிருந்து தீவுக்குப் போகும் பயணிகள் கப்பலில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் கப்பல்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் டோமா எனக்காகப் பேசி வைத்திருக்கிறாள். திருமதி டிர்க்ஸிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே என்ன பதில் சொன்னாள் என்று உனக்கே தெரியும். பாதிரியாரும் அதையேதான் சொன்னார். பல் பிடுங்கப் போனால் பல் மருத்துவரும் சொல்கிறார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வது?

படத்தில் டீனி படகில் ஏறட்டும். ஊரே பார்க்கட்டும். அதற்குப் பிறகு நான் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி எழுது, கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு மூச்சு முட்டுகிறது, வீப்கெ.

அன்புடன்,
கெசீனெ


மியூனிக்
ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் திரைக்கதையை மறுபடி எடுத்தேன். முடிவை நீ கேட்டபடியே எழுதினேன். டீனி சக்கரத்தைப் படகுக்காரரின் மகனிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறுகிறாள். நன்றாக வந்திருந்தது. எழுதும்போது அழுதேன்.

டிராக்ஸ்லர் இரண்டு முடிவுகளையும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். குழந்தைகளுக்கு டீனி போனது பிடித்திருந்தது. பெற்றோர்களுக்குத்தான் முகம் மாறிவிட்டது. ஒரு தகப்பன் எழுந்து, "இந்தப் புத்தகத்தைச் சொல்லித்தான் எங்கம்மா என்னை வளர்த்தாங்க. நானும் என் பிள்ளைங்களை அப்படித்தான் வளர்க்கிறேன். அதுல போய் கை வைக்கிறீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்றார். அறையே கை தட்டியது. நம் நாட்டில் தேவாலயத்தை இடித்தாலும் விட்டுவிடுவார்கள்போல, சின்ன வயதில் படித்த புத்தகத்தைத் தொட்டால் விட மாட்டார்கள். பாதிச் செலவை ஏற்கும் தொலைக்காட்சி நிலையமும் சொல்லிவிட்டது: பழைய முடிவு, இல்லையேல் படம் இல்லை.

நான் எதிர்த்துப் பேசினேன். போதுமான அளவு பேசினேனா என்று கேட்காதே.

டிராக்ஸ்லருக்கு இன்னொரு யோசனை. கடைசிக் காட்சியில் காலம் ஓடிவிடுகிறது. அதே மதகு, அதே மஞ்சள் பூட்ஸ், வயதான டீனி கதவைத் திறக்கிறாள். அது நீதான். "நிஜ டீனியைப் பார்த்தா ஜனங்க அழுதுடுவாங்க" என்கிறார். உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கும் வயது முப்பத்தெட்டு ஆகிறது. இந்தப் படம் நின்றால் என்னை நம்பி இன்னொருவர் வர மாட்டார். கையெழுத்துப் போட்டுவிடு. படம் முடிந்ததும் நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம், திருமதி டிர்க்ஸிடம் நானே பேசுகிறேன்.

உன்,
வீப்கெ


மதகு வீடு
மே 23

அன்பு வீப்கெ,

கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய முடிவே இருக்கட்டும். நாயும் இருக்கட்டும். உன் படம் உன் கையை விட்டுப் போக நான் காரணமாக இருக்க மாட்டேன்.

உன் மேல் கோபம் இருந்தது. இரண்டு நாள் அறைகளைக் கழுவித் தள்ளினேன், இப்போது இல்லை. டீனி படகில் ஏறியபோது நீ அழுதாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மதகுக் காட்சிகளை எடுக்க அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் வருகிறீர்கள் என்று டிர்க்ஸ் சொன்னாள். சாவி பூந்தொட்டிக்கு அடியில். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், சின்னப் பெண் சுற்றினாலும் சுற்றும். பூட்ஸ் கதவுக்கு அருகே இருக்கிறது. தேநீர்ச் சாமான்களைச் சமையலறை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் அங்கே போ.

அன்புடன்,
அக்கா


மதகு வீடு
ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எம்டன் துறைமுகத்தில் டோமாவுக்கு அனுப்புகிறேன். அவள் உன் கையில் சேர்த்துவிடுவாள்.

நீ சொன்னபடி முதலில் சமையலறைக்குத்தான் போனேன். மேசையில் ஒரே ஒரு கோப்பை. அடியில் ஆறிப்போன தேநீர். கரண்டி கோப்பைக்குள் இருந்தது.

பின்னாலேயே வந்த டிராக்ஸ்லர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஊர் வழக்கம் யாருக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. "உங்க அக்கா வர மாட்டாங்க, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். படப்பிடிப்புப் பெண் ஒருத்தி கழுவி வைக்கப் போனாள். அதைத் தொடாதே என்று கத்திவிட்டேன்.

திருமதி டிர்க்ஸ் வாசலிலேயே அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே" என்றாள். சொன்னாளே, நீங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தீர்களே என்று கேட்க நினைத்தேன். நானும் அந்தச் சிரிப்பு வரியை வைத்துத்தானே ஊதியம் வாங்குகிறேன், அதனால் கேட்கவில்லை.

கடைசிக் காட்சிக்கு ஆள் இல்லை. கோடை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்களும் இந்த வீட்டுப் பொண்ணுதானே. முதுகுப் பக்கமா எடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் டிராக்ஸ்லர். பூட்ஸ் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். தலையில் நரை பூசினார்கள். சக்கரத்தைச் சுற்றினேன், கதவு திறந்தது, படகு போனது. அதில் இருந்தவர்கள் எனக்குக் கை காட்டினார்கள். இவ்வளவு வருடம் இதை எப்படிச் செய்தாய், அக்கா?

படக்குழு போய்விட்டது. நான் அடுத்த நாள் கிளம்புவதாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பேருந்து ஏற்பாடாகிவிட்டது, குழந்தைகள் வருகிறார்கள், இந்த ஒரு தடவை மட்டும் என்று திருமதி டிர்க்ஸ் கேட்டாள். சரி என்றேன். இன்று வாசித்தேன். நீங்கதான் டீனியா என்று ஒரு பையன் கேட்டான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை முகங்களும் காத்திருந்தன. ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் பேருந்து சொல்லியிருக்கிறார்களாம்.

உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை. வராதே. தீவுக்குப் போகும் வழியில் கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எப்போதாவது எழுது, அவசரமில்லை. உன் கோப்பையை இன்னும் கழுவவில்லை. பக்கத்தில் என் கோப்பையையும் வைத்திருக்கிறேன். கரண்டி தட்டில்தான் இருக்கிறது.

உன் தங்கை,
வீப்கெ