தங்கை வீட்டுக்குச் சுவர்

மார்ச் 3
தங்கை லூபேயின் வீட்டு வரைபடம் முடிந்தது. சமோவாவில் வீட்டுக்குத் தூணும் கூரையும் நாலு பக்கம் ஓலைத் தட்டியும் போதும் என்று எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்! ஆனால் அவள் கணவன் ஃபலானிகோ ஆக்லாந்தில் பூட்டிய வீடுகளில் இருந்து பழகியவன். "மச்சான், நான் எத்தனை கிழங்கு தின்றேன்னு ஊரே பாக்குது. பொண்டாட்டி ஊர்ல வந்து குந்தியிருக்கான்னு சிரிக்குது. எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்றான். நியாயம்தானே? சிமெண்டுக் கல், கண்ணாடி ஜன்னல், ஏசி. எங்கள் ஊரின் முதல் மூடிய வீடு, என் கையால்.

மே 12
குடிபுகுந்தார்கள். பன்றி சுட்டோம். அத்தை புவாட்டினோ சுவரைத் தட்டிப் பார்த்தாள். மகளிர் குழுத் தலைவி அவள். வீடு வீடாகப் போய்ப் பாய், அடுப்பு, கழிப்பறை எல்லாம் சோதிக்கிற குழு. "டேய், உள்ள செத்தாலும் வெளிய தெரியாது போலிருக்கே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மே 20
மாலைச் சங்கு ஊதியதும் ஊர் அடங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஜெபப் பாட்டு. எத்தனை குரலுக்கு நடுவிலும் லூபேயின் குரலைப் பிடித்துவிடுவேன். இன்று கேட்கவில்லை. நல்ல கல்லாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஜூன் 9
ஞாயிறு. லூபே வெள்ளைத் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தாள். மணிக்கட்டு நீலமாக இருந்தது. "அலமாரி இடிச்சிருச்சுண்ணே."

அந்த அலமாரியை வரைந்தவன் நான். சுவருக்குள் பதித்தது, தள்ளும் கதவு. இடிக்க முனையே கிடையாது.

எங்களில் அண்ணன் தங்கையிடம் புருஷன் பேச்சு எடுக்கக் கூடாது. அவள் படுக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. இது இத்தனை நாள் உறுத்தியதே இல்லை. கேட்கவே வேண்டியிருக்காது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது யார் பார்ப்பது?

ஜூன் 27
விடாத மழை. போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லூபே வீட்டில் பட்டப்பகலில் ஏசி ஓடுகிறது. இந்தக் குளிரில் எதற்கடா? வேறு சத்தம் வெளியே கேட்காமல் இருக்கவா?

ஜூலை 1
ஃபலானிகோ வந்தான். "படுக்கையறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க மச்சான்."

"வெளிப்பக்கம் எதுக்கு மாப்பிள்ளை?"

"காத்துல அடிச்சுக்குது."

மூடின வீட்டில் ஏது காற்று? ஆணி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேரே அத்தையிடம் போனேன். விஷயம் வாயில் வரவில்லை. "லூபே வீட்டுக் கழிப்பறை சுத்தமா இல்லைன்னு தோணுது அத்தை" என்றேன். என் கையால் கட்டிய கழிப்பறையை நானே பழித்தேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். "அப்படியா? நாளைக்கு நல்லாப் பாத்துருவோம்."

ஜூலை 2
குழு முழுக்கப் போனது. நான் பலாமரத்தடியில் நின்றேன்.

"இன்னைக்கு வேணாம், அவ தூங்கறா." ஃபலானிகோ வாசலை மறித்தான்.

"கழிப்பறைலயா தூங்கறா? நகருடா!"

தாழ்ப்பாளை அவனே போட்டுவிட்டிருந்தான். வெளிப்பக்கம்தான். பெண்கள் நடுவில் லூபேயை நடத்திக் கூட்டி வந்தார்கள். அவள் உதடு — ஐயோ, என்ன பண்ணி வச்சுட்டேன் நான்! கதவு கேட்டான், கட்டிக் குடுத்தேனே. அவளுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

ஜூலை 6
ஊர்ச் சபை அவனை ஊரை விட்டே விலக்கிவிட்டது. கப்பல் ஏறும்போது என்னைப் பார்த்து, "வீடு என்னோடது மச்சான், திரும்ப வருவேன்" என்றான்.

ஜூலை 30
லூபே எங்கள் வீட்டில் இருக்கிறாள். நாலு பக்கமும் தட்டியை இறக்கி வைத்திருக்கிறாள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. என் மனைவி ஒன்றைத் தூக்கப் போனாள். "வேணாம் அண்ணி, ஊரே பாக்குது" என்றாள் லூபே.

அவன் சொன்ன அதே வார்த்தை.

நானே தட்டியை இறக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தேன். சங்கு ஊதியது. ஜெபப் பாட்டைத் தொடங்கினேன். ஓலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், கம்மலாக, சுருதி விலகி. பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.