மரக்கறித் தட்டில் உங்கள் எறும்புகள்

இன்று காலை லீக்ஸ் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தபோது, மரக்கறித் தட்டில் துவாயால் சுற்றி வைத்திருந்த உங்கள் பெட்டி கையில் இடறியது. பங்குனி பிறந்துவிட்டது, இதை வெளியே எடுக்கவேண்டும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. கூடவே உங்கள்மேல் எரிச்சலும் வந்தது.

பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு ராணி, ஐம்பது அறுபது கறுப்பு எறும்புகள். இவ்வளவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். கோடையில் தேன் வைத்துச் சமாளித்தேன். ஐப்பசியில் அவை சாப்பிடுவதை நிறுத்தின. குளிரில் சாகப்போகின்றன என்று பயந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். உறங்கவேண்டியவை குழாய்க்குள் தறிகெட்டு ஓடின. தினமும் இரண்டு மூன்று செத்தன. கடைசியில், ஹரோவில் எறும்பு வளர்க்கும் உங்கள் சிநேகிதருக்குப் போன் எடுத்தேன்.

“ஐயோ அக்கா, சூட்டில வைக்காதேங்கோ. கொஞ்ச நாள் குளிர் அறையில வைச்சிட்டுப் பிறகு பிரிட்ஜில வையுங்கோ. பங்குனி வரைக்கும் சாப்பாடு வேண்டாம். குழாய்க்குள்ள இருக்கிற பஞ்சில ஈரம் காயாமல் பாத்தால் போதும்.”

இவற்றை ஏன் பிரிட்ஜில் வைக்கிறீர்கள் என்று நீங்கள் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். “சாப்பாடு வைக்கிற இடத்தில எறும்போ?” என்று கத்தியவள்தானே நான். “மூடித்தானே இருக்கு, இஞ்சேரப்பா” என்று சிரித்தீர்கள்.

அதற்கு முந்தின குளிர்காலம் முழுவதும் இருமி இருமி, அவற்றுக்காகப் பிரிட்ஜின் வெப்பமானியைப் பார்த்தீர்கள். “ஆறு பாகை. நல்லம்.” உங்கள் காய்ச்சலை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. டொக்டரிடம் போவோம் என்று நான் கெஞ்சிய ஒவ்வொரு நாளும் “ஓம், நாளைக்கு” என்றீர்கள். அம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, “எனக்கொண்டும் இல்லை” என்றீர்கள். போன சித்திரையில் ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடிந்தது.

பெட்டியை வீட்டு நடையின் குளிர் மூலையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பஞ்சோரம் பத்துப் பன்னிரண்டு செத்துக் கிடந்தன. மற்றவை ராணியைச் சுற்றி ஒரே குவியலாய், அசைவில்லாமல். ஒரு மணி நேரம் கழித்து ராணியின் கால் ஒன்று மெல்ல நீண்டது. பிறகு மற்றொன்று. எனக்கு அழுகை வந்தது. அதற்கும் உங்களைத்தான் திட்டினேன்.

மகள் வந்து என் தோளைத் தொட்டாள். “அம்மா, அப்பான்ர எறும்புகளைக் கார்டன்ல விட்டிடுவமா? உங்களுக்கு ஸ்ட்ரெஸ்தானே.”

“விடேலாது,” என்றேன். “கொப்பரோட எனக்கு இன்னும் சண்டை முடியேல்லை.”