மைனஸ் இருபத்தேழு

நானா,

நேற்று அந்தப் பந்தைக் கழற்றினோம். வவுனியாவிலிருந்து வந்த திருத்துநர் விளையாட்டு மெஷினின் முன்பலகையைத் திறந்து, வெள்ளைப் பந்தைத் தூக்கிக் கதிரையில் வைத்தார். பந்து உருளும் குழியின் அடியில் மஞ்சளாக, இறுகிப்போய் ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்னண்ணை இது, மாவோ?"

வாங்கி மணந்து பார்த்தேன். எண்ணெயில் ஊறிய கோதுமை மா. நீங்கள் மவுத்தாகிக் கண்மூடி ஒரு நோன்பு மாதமும் கடந்துவிட்டது. ஆனாலும் கனகராயன்குளத்துப் பின்நேர வெயிலும், பக்கத்துக் கடையில் உங்கள் ரொட்டிக்கல்லின் புகையும், பஸ் கிளம்பிப் போன பிறகு றோட்டில் மெல்ல இறங்கும் தூசியும் அந்த நகக்கண் அளவு பொருளுக்குள் அப்படியே இருந்தன.

அந்த மெஷினை நான் விரும்பி வாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கே மூடிப்போன ஒரு ஹோட்டலின் கட்டில்களை மொத்தமாக எடுத்தபோது, தலையணைகளோடு இதையும் லொறியில் ஏற்றிவிட்டார்கள். பழைய இரும்பு பொறுக்கித் தொழில் தொடங்கியவன் நான். என் பழைய சாமான் கடையில் விலைபோகாமல் நின்ற பொருள் இது ஒன்றுதான். சும்மா நிற்கிற பொருள் ஆட்களையாவது கூப்பிடட்டும் என்று வாசலில் வைத்து, காசில்லாமல் விளையாடவிட்டேன். கிழமைக்கு ஒருமுறை, கூடிய புள்ளி எடுப்பவருக்கு ஒரு ஹோட்டல் தலையணை என்றும் அறிவித்தேன்.

திரையில் ஒரு புல்வெளி வரும். தூரத்தில் கொடி நட்ட ஒரு குழி தெரியும். மெஷினில் பதித்த வெள்ளைப் பந்தை உள்ளங்கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்கு உருட்டினால், திரையில் நிற்கும் தொப்பிக்காரன் அடிப்பான். பதினெட்டுக் குழியும் முடிந்தபின் புள்ளி வரும். மற்றவர்கள் பந்தைக் குத்துவார்கள், அறைவார்கள். நீங்கள் மா உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வருவீர்கள். ரொட்டிக்கு மாவைத் தட்டுகிற அதே உள்ளங்கையைப் பந்தின்மேல் வைத்து, நித்திரையான பிள்ளையைத் தடவுவதுபோல ஒரு தடவு. அவ்வளவுதான். திரையில் பந்து காற்றில் போய்க்கொண்டே இருக்கும்.

ஏழாவது குழிக்குக் கடலைத் தாண்டி அடிக்கவேண்டும். அந்த இடத்தில் மட்டும் நீங்கள் உடனே அடிக்கமாட்டீர்கள். நீலத்தைப் பார்த்தபடி நிற்பீர்கள். வெளியே றோட்டு வெயிலில் உருகும். திரைக்குள்ளே கொடி ஆடும்.

"இந்தக் கடலுக்கு மணமில்லை, முதலாளி. இல்லாட்டி எங்கட முல்லைத்தீவு வீட்டுப் பின்பக்கமேதான்."

"விட்டிட்டு வந்த அந்தக் காணியைத் திரும்பப் போய்ப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். கிணறு மட்டும்தான் என்னை ஆரெண்டு மட்டுக்கட்டினது."

நீங்கள் பந்தைத் தடவினீர்கள். அது கடலைத் தாண்டிக் கொடியடியில் இறங்கியது.

அந்தப் பெரிய ஆட்டத்தை நான் பார்க்கவில்லை என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன். ஒரு கட்டிலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். மெஷினின் பந்து மட்டும் அதன் குழிக்குள் தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில், முன்னால் ஒரு கோட்டோடு, இருபத்தேழு. பெயர் கேட்ட இடத்தில், கல்லில் ரொட்டி கருகுகிறது என்று மூன்று தரம் பொத்தானை அமத்திவிட்டு ஓடினீர்கள். ஏ ஏ ஏ என்று விழுந்தது.

சிவப்பும் கழித்தல் கோடும் என்றால் நட்டம். வியாபாரிக்கு இதை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டியலில் உங்களை எல்லாருக்கும் மேலே போட்டதைக்கூட, மெஷின் உங்கள் மானத்தை வாங்குகிறது என்றுதான் நினைத்தோம்.

"நானா, இருபத்தேழு நட்டம். கடையைப் பூட்டவேண்டியதுதான்" என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கிழமைத் தலையணையை, நாற்பத்தொரு புள்ளி எடுத்த ட்ரக்டர்காரருக்குக் கையால் தூக்கிக் கொடுத்தேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

பிறகு ஒருநாள், கனடாவிலிருந்து வந்த ஒருவர் தேத்தண்ணிக்கு வானை நிற்பாட்டினார். மெஷினைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தவர், பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"ஆர் அண்ணை இந்த ஏ ஏ ஏ?"

"பக்கத்து ரொட்டிக்கடை நானா. மனுசனுக்கு இது சரிவராது."

"என்ன கதை கதைக்கிறியள்? கோல்ஃபிலை அடி குறையக் குறையத்தான் வெற்றி. குழிக்கு இத்தனை அடி எண்டு ஒரு கணக்கு இருக்கு, அதிலும் குறைஞ்சால்தான் மைனஸ். நான் அங்கை பத்து வருசமா இதே மாதிரி மெஷினிலை விளையாடுறன். மைனஸ் பதினாறைத் தாண்டினதில்லை. இருபத்தேழு எண்டு நான் கண்ணாலை கண்டதில்லை."

உங்களைக் கூப்பிட்டேன். மா ஒட்டிய கையோடு வந்தீர்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் கூச்சத்தோடு சொன்னீர்கள்: "குழிக்குள்ள போடுறதுதானே வேலை. சுத்தித் திரிஞ்சு போட்டா ஆருக்கு லாபம்?"

"அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும் எண்டு சொன்னா, குடுத்த தலையணையெல்லாத்தையும் திருப்பி வாங்க வெளிக்கிடுவீங்க. சனத்தின்ரை நித்திரை கெட்டுப்போகும்."

அன்றைக்கே மிச்சமிருந்த ஏழு தலையணைகளையும் கொண்டுவந்து உங்கள் கடையில் இறக்கினேன். நீங்கள் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சாயட்டும் என்று அவர்கள் இருக்கும் வாங்குகளில் போட்டுவிட்டீர்கள்.

நேற்றைய சங்கதி இதுதான். மெஷினுக்குள் பட்டரி கசிகிறது. "விட்டால் முழுதையும் தின்னும். மாத்தினால் இந்தப் பேர்ப்பட்டியல் அழிஞ்சுபோம். போட்டோ எடுத்து வையுங்கோ அண்ணை" என்றார் திருத்துநர். எடுத்தேன். படத்தில் கறுப்புக் கோடுகளும், கண்ணாடியில் விழுந்த என் முகமும்தான் இருந்தன.

ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் யோசித்தேன். கனடாக்காரர் போய்விட்டார். சிரித்த சனமும் மறந்துவிட்டது. நீங்கள் வென்றீர்கள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சிவப்பு வரிதான். நான் நட்டம் என்று சொல்லிச் சிரித்த அதே வரி. ஆனால் செத்த மெஷினை மூலையில் மூடி வைத்தால், அதைப் பார்த்து முதலில் முகம் சுளிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

"மாத்துங்கோ" என்றேன். "பந்து இருக்கிற குழியை மட்டும் வடிவாத் துடைக்கவேண்டாம். பந்து கொஞ்சம் வழுக்கட்டும்."

அவர் போனபின் திரை வெளித்து ஒளிர்ந்தது. மெஷின் தானே போட்டுக்கொள்ளும் பெயர்கள் வரிசையாக நின்றன. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இத்தனை வருடத்தில் முதற்தடவையாகப் பதினெட்டுக் குழியும் விளையாடினேன். ஏழாவதில் எட்டுப் பந்து கடலுக்குள் போனது. ஒவ்வொன்று விழும்போதும் அந்த நீலத்தை நன்றாகப் பார்த்தேன். ஓம், மணமில்லைத்தான். ஆனால் என் உள்ளங்கையில் உங்கள் மாவின் மணம் இருந்தது.

முடிவில் பிளஸ் முப்பத்தொன்று. பட்டியலின் கடைசி வரியில் அதற்கு இடம் கிடைத்தது. பெயர் கேட்டது. மூன்று தரம் பொத்தானை அமத்தினேன். ஏ ஏ ஏ.

கோபிக்காதேயுங்கோ நானா. எங்கள் பழைய கணக்கின்படி முப்பத்தொன்று லாபம்.