குறையை முதலில் சொல்கிறவள்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு கதவு பிரிட்ஜ் இன்று போனது. கேட்டரிங்காரர் உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிட்டேன்: "கீழ்க் கதவு ரப்பர் தளர்ந்திருக்கு. பக்கத்துல ஒரு நசுங்கல். மோட்டார் மட்டும் புதுசு." மனுஷர் குனிந்து நசுங்கலைத் தேடினார். இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டு, பேரம் பேசாமல் ஏற்றிக்கொண்டு போனார். மூடிப்போன உணவகங்களின் அடுப்பும் பிரிட்ஜும் வாங்கி விற்கும் தொழிலில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன் என்றால் இந்த ஒரு பழக்கத்தால்தான். குறையை நீயே முதலில் சொல்லிவிடு. வாங்குகிறவன் கண்டுபிடித்தால் அது திருட்டுத்தனம், நீயே சொன்னால் நேர்மை.

என் மகள், சேட்டைக்காரி வாலு, இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. பதினாறு வயசு வயிற்றுக்கு என்ன வைத்தியம்?

மார்ச் 5, வியாழன்

காவல் நிலையத்திலிருந்து கடைக்கு போன். அதிகாரிக்கு நல்ல மரியாதையான குரல். ரயில் பாதையோரம் பூட்டிக் கிடந்த மரக்கிடங்கு ஞாயிற்றுக்கிழமை எரிந்ததே, அது விஷயமாக என் மகளிடம் பேச வேண்டுமாம். காவலாளி புகையில் மாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். "சும்மா ஒரு பேச்சுதாம்மா, பயப்படாதீங்க."

சும்மா!

வாலுவைக் கடையின் பின்னறையில் உட்காரவைத்துக் கேட்டேன். வால் எல்லாம் சுருண்டு கிடந்தது. தோழியின் பிறந்தநாளாம். நாலு பெண்கள் கிடங்குக்குள் புகுந்து கேக் வெட்டியிருக்கிறார்கள். மெழுகுவத்தி ஏற்ற, அடுப்பு சோதிக்க நாம் வைத்திருக்கும் நீள மூக்கு லைட்டரை இவள் எடுத்துப் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வந்தோம் என்கிறாள். லைட்டர் மட்டும் அங்கேயே கிடந்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்லமாட்டேன்டி."

மார்ச் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அந்த லைட்டரில் கடைப் பெயர் ஒட்டியிருக்கிறது. அவர்கள் கண்டெடுத்து, பிறகு என்னிடம் வந்து நின்றால்? அதற்குள் நாமே சொல்லிவிட்டால் நம்புவார்கள், விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. பிரிட்ஜ் விற்கிற புத்தி! அந்த அதிகாரிக்கு நானே போன் போட்டேன். "சார், மறைக்க எதுவுமில்ல. என் பொண்ணு அங்க இருந்தா. லைட்டர் எங்க கடையோடதுதான். ஆனா அவ வேணும்னு செய்யற பொண்ணு இல்ல சார்."

கேட்டரிங்காரர் மாதிரி அவர் சிரிக்கவில்லை. டக் டக் என்று தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

இன்னொரு தடவையும் சொன்னேன்.

மார்ச் 7, சனி

வாலுவிடம் சொன்னேன். "சொல்லிட்டியா?" என்றாள். அவ்வளவுதான். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் தேவலை.

மார்ச் 9, திங்கள்

பள்ளி ஆலோசகர் கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இளைஞர் சட்ட உதவி மையத்துக்குப் போனோம். மாடியில் இரண்டு அறை, கால் ஆடுகிற நாற்காலிகள். புத்தகத்தை பஸ்ஸிலேயே படித்தேன். 'பேசாமல் இருப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.' 'சும்மா ஒரு பேச்சு என்றாலும் அது விசாரணைதான்.' பெரிய எழுத்தில், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. நாலு நாள் முன்னால் இது என் கையில் இருந்திருந்தால்? இருந்திருந்தாலும் படித்திருப்பேனா? எனக்குத் தெரியாததா என்று கல்லாவுக்கு அடியில் போட்டிருப்பேன்.

மையத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். "அவங்ககிட்ட நீங்க ஏதாவது பேசினீங்களாக்கா?" என்றாள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இனிமே நீங்க அவ அம்மா மட்டும் இல்ல. சாட்சி. விசாரணையில அவ பக்கத்துல நீங்க உக்கார முடியாது."

"நான் பெத்தவம்மா!"

"அதனாலதான் உங்க வார்த்தைக்கு அவ்ளோ கனம். 'வேணும்னு செய்யல'ன்னா, 'தெரியாம செஞ்சா'ன்னுதான் எழுதிக்குவாங்க."

வக்கீலை மையமே அனுப்புமாம். கூட உட்கார நம்பிக்கையான ஒரு பெரியவர் வேண்டும், யாரைக் கூப்பிடலாம் என்று வாலுவிடம் கேட்டாள். இரண்டு நாளாகத் திறக்காத வாய் திறந்தது.

"அப்பாவ."

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது வருஷம் முன்னால் நான் அனுப்பிவைத்த மனுஷர். மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். வாடிக்கையாளர் வந்து கத்தினாலும் சரி, நான் கத்தினாலும் சரி, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்பார். இந்த வாயில்லாப் பூச்சியை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்றுதான் பிரிந்தேன். இன்று போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு திட்டு, ஒரு கேள்வி கிடையாது. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இவரை நம்பியா?

மார்ச் 14, சனி

விசாரணையில் பிள்ளைகளோடு உட்காருகிறவர்களுக்கு மையத்தில் வகுப்பு. விடுதிக் காப்பாளர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர், வாலுவின் அப்பா. நான் கடைசி வரிசையில். மையத்துப் பெண், போலீஸ் மாதிரி நடித்துக் காட்டினாள். கூட இருப்பவர் பதில் சொல்லக் கூடாது. கேள்வி பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும், களைத்தால் இடைவேளை கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேடிக்கை பார்த்த என்னையும் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். மகளாக நடித்த பயிற்சியாளர் வாய் திறப்பதற்குள், "அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் தெரியாது சார், மெழுகுவத்தி மட்டும்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அரை நிமிஷம்கூட ஆகலக்கா. அதுக்குள்ள பொண்ணை உள்ள தள்ளிட்டீங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

விசாரணை. இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் காவல் நிலையத்துக்கு எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் நின்றேன். எத்தனை பஸ் போனது என்று கேட்டால் தெரியாது. உள்ளே ஒரு மேசை, ஒரு காகிதம், அதில் என் வாக்கியம். அதுவே கண்ணுக்குள் நின்றது.

வாலு, அவள் அப்பா, வக்கீல் மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வாலு என்னைத் தாண்டி நடந்தாள். அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சு? சொல்லுங்களேன்!"

"ஒரு தடவை தண்ணி கேட்டேன். ஒரு கேள்வி அவளுக்குப் புரியல, திருப்பிக் கேக்கச் சொன்னேன். நீ போன்ல சொன்னதை வாசிச்சாங்க. அப்ப அழுதா. இடைவேளை வேணும்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவகிட்டயே கேளு."

அதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. கோபமா, நன்றியா? தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

காவலாளிக்கு மறுபடி மூச்சுத்திணறலாம். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் போய்விட்டால் இவள் என்ன ஆவாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நினைக்கவும் வெட்கம்.

ஏப்ரல் 2, வியாழன்

காவலாளி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கடிதம் வந்தது. என்னால் பிரிக்க முடியவில்லை, வாலுதான் பிரித்தாள். தீ எப்படிப் பிடித்தது என்று உறுதிசெய்ய முடியவில்லை, வழக்கு இல்லை. பூட்டிய இடத்தில் நுழைந்ததற்கு நாலு பேருக்கும் எச்சரிக்கை. காவலாளிக்கு அவள் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மையத்துப் பெண் போனில் சொன்னாள்: "உங்க ஒரு போன்காலைத் தாண்டி வர வக்கீலுக்கு ஒரு மாசம் ஆச்சுக்கா." திட்டவில்லை. கணக்குச் சொன்னாள்.

வாலு கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம், "சாயங்காலம் வர லேட்டாகும்" என்றாள். ஒன்றரை மாசத்தில் இதுதான் நீளமான பேச்சு.

மே 9, சனி

கடையில் ஆளில்லாத நேரம். நான் அடுப்பு பர்னர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாலு எதிரே கவிழ்த்துவைத்த டப்பாவின் மேல் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

நாக்கு நுனியில் பத்துக் கேள்வி. விழுங்கினேன். பர்னரைக் கீழே வைக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தாள். மீதியையும் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பதை இதில்கூட எழுதப்போவதில்லை.